ஒத்துப்போகாத இரண்டு பேர்

மூன்றாவது முறையும் அதே எண்தான் வந்தது. அவள் நாற்காலியைப் பின்னால் நகர்த்தித் திரையைச் சற்றுத் தள்ளியிருந்து பார்த்தாள். தள்ளியிருந்து பார்த்தாலும் புள்ளிக்குப் பின்னால் ஒன்பதும் ஏழும்தான் இருந்தன.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

பக்கத்துக் கணினியிலிருந்து கணக்கு எட்டிப் பார்த்தான். பகலில் வங்கியில் வேலை பார்க்கிறவன். உளவியல் ஆய்வு முறைகள் என்ற அந்த மாலைநேர முதுநிலை வகுப்பில் புள்ளியியல் பிடிபட்ட ஒரே ஆள் என்பதால் எல்லோருக்கும் அவன் கணக்குதான்.

"இதைப் பாரு."

"பாயிண்ட் ஒன்பது ஏழா! முதல் தடவை ஆறுகிட்ட வந்துச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்களே? உங்க ஊகமும் பலிச்சிருக்கு போல. பார்ட்டி எப்போ?"

"எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"எண் கம்மியா வந்தா அழறீங்க, கூட வந்தாலும் அழறீங்க. உங்களை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றது?"

"மனுஷங்க இந்த அளவுக்கு ஒத்துப்போக மாட்டாங்கப்பா" என்றாள்.

அவளுடைய ஆய்வு சிக்கலானதல்ல. மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) பிரிவில் அவள் உதவியாளர். முழங்கால் அறுவைக்குப் பிறகு காலை மடக்கிப் பழகுகிறவர்களின் முகங்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, சின்னச் சின்ன வீடியோத் துண்டுகளாக எடுத்திருந்தாள். சத்தம் கிடையாது, கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. எடுத்த கையோடு ஒவ்வொருவரிடமும் வலி எவ்வளவு என்று கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் வாங்கி வைத்திருந்தாள். அந்த எண் தெரியாத இரண்டு பேர் முகத்தை மட்டும் பார்த்து ஆளுக்கொரு எண் போட வேண்டும். தனித்தனியாக. இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்: ஒன்று வந்தால் அச்சில் வார்த்த மாதிரி, பூஜ்யம் வந்தால் ஏனோதானோ. அதன்பிறகுதான் முகமும் வாயும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்ற கேள்விக்கே போக முடியும்.

கேள்வி அவளுக்குப் பழையது. பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவள். நோயாளியின் குதிகாலைக் கையில் தாங்கிக்கொண்டு நிற்பதுதான் வேலை. "எவ்வளவு வலிக்குது, பத்துக்கு?" என்று சிகிச்சையாளர் கேட்பார். "மூணு" என்பார் படுத்திருப்பவர். மூணு இல்லை, எட்டு என்று அவளுக்குத் தோன்றும். மூன்று என்று எழுதிக்கொண்டு காலை இன்னும் கொஞ்சம் மடக்குவார்கள். ஒருநாள் அவள் வாய்விட்டே சொன்னாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிகிச்சையாளர் திருப்பிக் கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.  தெரிகிறதா, அல்லது தெரிகிற மாதிரி ஒரு நினைப்பா? அதைக் கண்டுபிடிக்கத்தான் தபால் வழியில் பட்டம் வாங்கினாள். அதைக் கண்டுபிடிக்கத்தான் இப்போது கடைசிப் பருவத்தில், தலை நரைத்த பிறகு, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆய்வேடு இந்தப் பருவத்திற்குள் போயாக வேண்டும். அந்த வகுப்பை இந்த வருஷத்தோடு மூடப்போகிறார்கள். தவணை நீட்டிப்பு யாருக்கும் கிடையாது.

எண் போட அவள் பிடித்த இரண்டு பேர் அவளுடைய கணவனும் கணவனின் அக்காவும்.

"குடும்பத்து ஆளுங்களா?" என்று வழிகாட்டி மேடம் முதலில் தயங்கினார்.

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல மேடம். எட்டு வருஷமாச்சு. வீதியில எதிர்ல வந்தாக்கூட ஒருத்தர் எதிர்ப்பக்கம் போயிடுவாங்க."

மேடம் சிரித்துவிட்டார். "இதைவிடச் சுதந்திரமான மதிப்பீட்டாளர்கள் எங்க தேடினாலும் கிடைக்க மாட்டாங்க. சரி, வெச்சுக்கோங்க."

சண்டை சின்னதல்ல. அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்டபோது கணவன் மட்டும் பக்கத்தில் இருந்தான். இரண்டு நாளாகக் கண்விழித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்த அக்காவை எழுப்ப வேண்டாமென்று அவனாகவே முடிவு செய்தான். விடிந்த பிறகுதான் போன் செய்தான். "என்னை எழுப்பறதா வேணாமான்னு முடிவு பண்ண நீ யாருடா?" என்று கேட்டாள்.  அந்தக் கேள்வியோடு பேச்சு நின்றது.

ஆகவே அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியை வீட்டு மேசையில் வைத்துக் கணவனை உட்கார வைப்பாள். பேருந்துப் பணிமனையில் இன்ஜின் கழற்றுகிறவன். விரல் நுனியால் விசைப்பலகையைத் தொடவே கூசுவான். புதன்கிழமை அதே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போவாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள். இருவரிடமும் ஒரே எச்சரிக்கைதான்: இதைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது, முக்கியமாக அடுத்தவரிடம். "அவன்கிட்டயா? நல்லா சொன்ன போ" என்று நாத்தனார் கையைத் தட்டிச் சிரித்தாள்.

எண்களைக் கணினியில் ஏற்றும்போது பிசகியிருக்குமோ என்று பார்த்தாள். பிசகவில்லை. முதல் தொகுதித் துண்டுகளில் கணவன் நான்கு போட்ட இடத்தில் நாத்தனார் ஆறு போட்டிருந்தாள். அவன் ஏழு என்ற இடத்தில் அவள் மூன்று. மனுஷத்தனமாக இருந்தது. அதன்பிறகு வந்த தொகுதிகளில், இப்போது கணக்கிட்டவற்றில், நாலுக்கு நாலு, ஏழுக்கு ஏழு. ஒரு துண்டில் வயதான பெண்மணி ஒருவர் காலை மடக்கும்போது சிரிப்பார். உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு. அதற்கு இருவருமே ஒன்பது போட்டிருந்தார்கள். சிரிக்கிற முகத்துக்கு ஒன்பது. பார்த்துப் பார்த்துப் பழகிய அவளேகூட ஆறுக்கு மேல் போட்டிருக்க மாட்டாள்.

கணவனுக்குப் போன் செய்தாள். "ஓவர்டைம், வர நேரமாகும்" என்றான். பின்னால் இன்ஜின் சத்தம் இல்லை. குக்கர் விசில் கேட்டது.

கணினியை மூடிவிட்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

மாடிப்படி முடிகிற இடத்தில், கதவுக்கு வெளியே, கிரீஸ் மசி படிந்த வேலை ஷூக்கள் கிடந்தன. இடது ஷூவின் நாடாவுக்குப் பதில் மின்கம்பி கட்டியிருந்தது. அந்தக் கம்பியைப் போன மாதம் அவள்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். உள்ளே இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டியதும் சிரிப்பு நின்றது. ஏதோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம். பிறகு நாத்தனார் கதவைப் பாதி திறந்தாள்.

"நீயா? இன்னிக்கி புதன் இல்லயே?"

"அவர் ஷூ வெளியில கிடக்கு அண்ணி."

நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினாள். "ஷூவை உள்ள வைடான்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? தண்டம்!"

கணவன் மேசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றான்.

"எப்பயிலருந்து?" என்றாள்.

"என்ன எப்பயிலருந்து? எங்கக்கா வீட்டுக்கு நான் வரக்கூடாதா?"

"எட்டு வருஷமா வரலயே."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். "அந்தச் சிரிக்கிற அம்மாவாலதான்" என்றாள். "அதைப் பாத்துட்டு இவன் எனக்குப் போன் பண்ணான். எடுத்ததும் முதல்ல 'நான்தான்'னான். அப்புறம், 'அக்கா, அந்த அம்மா சிரிக்கிறாங்களே, பாத்தியா?'ன்னான். பாத்தேன்டான்னேன். நம்ம அம்மாவும் கடைசியில டாக்டர் வந்தா இப்படித்தான் சிரிப்பாங்க. அவங்க பத்து வலியில இருக்கறது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"அதனால ஒன்பது போட்டீங்க."

"பத்துதான் போடலாம்னேன். இவன்தான் ரொம்ப ஓவரா தெரியும்னான்."

அவள் மேசையில் கிடந்த கரண்டியை எடுத்து நேராக வைத்தாள். கணவன் அதைக் கோபமென்று எடுத்துக்கொண்டான்.

"சொல்லியிருப்போம். நீதானே பேசிக்கக் கூடாதுன்ன? பேசறோம்னு தெரிஞ்சா எங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போடுவ. பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அக்காதான் சொன்னா."

"மத்ததெல்லாம்? மத்த முகத்துக்கும் ஒரே எண் போட்டிருக்கீங்களே?"

"அது..." அவன் தட்டைப் பார்த்தான். "முதல் எண் வந்த அன்னிக்கி வீட்டுக்கு வந்து நீ என்ன சொன்ன? 'ரெண்டு பேரும் ஒத்துப்போகவே மாட்டேங்கறீங்க'ன்னு தலையில கைய வெச்சு உக்காந்த. அப்ப ஒத்துப்போகணும்தானே? அதான் நான் பாத்ததும் என்ன போட்டேன்னு அக்காவுக்குப் போன்ல சொல்லிடுவேன். அவ சரி இல்லன்னு சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பழசைத் திறந்து மாத்திப்பேன். கொஞ்சம் கூடவே போட்டோம். 'மூணு இல்ல, எட்டு'ன்னு எத்தனை வருஷமா புலம்பற."

நாத்தனார் ஒரு தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "கஷ்டப்பட்டு வேலை செஞ்சிருக்கோம். கடையில கணக்கு ஒப்பிடற மாதிரி ஒப்பிட்டோம். பாராட்டாட்டியும் பரவால்ல, மூஞ்சியைத் தொங்கப் போடாத."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்காவும் தம்பியும் கொஞ்சம் தாமதித்துச் சேர்ந்துகொண்டார்கள். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "எல்லாத்தையும் தூக்கிப் போடணும்."

"எதை?"

"நீங்க போட்ட எண்ணெல்லாம் செல்லாது."

"அட, எவன் வந்து கண்டுபிடிக்கப் போறான்?" என்றான் கணவன்.

"நான் கண்டுபிடிச்சிட்டேனே."

வழிகாட்டி மேடத்தின் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். குக்கர் விசிலைக்கூட விடவில்லை. மேடம் பேனாவை மூடித் திறந்து மூடினார். தனக்கும் இதில் பங்கு உண்டு, குடும்பத்து ஆட்களை ஏற்றிருக்கக் கூடாது என்றார். பிறகு இருக்கிற வழிகளைச் சொன்னார். மதிப்பீட்டாளர் பகுதியை வெட்டிவிட்டு, நோயாளிகள் சொன்ன எண்களை மட்டும் விவரித்துக் கொடுக்கலாம். தேர்ச்சி கிடைக்கும், ஆனால் கேள்வி போய்விடும். இல்லையென்றால் முதலிலிருந்து இரண்டு புது ஆட்கள்.

"இருக்கற நாளுக்குள்ள முடியுமா?" என்றார்.

"முடிக்கணும் மேடம்."

"ஒருத்தருக்கொருத்தர் சண்டைக்காரங்களா இருக்க வேணாம். முன்ன பின்ன தெரியாதவங்களா இருந்தாப் போதும். உங்களுக்கும் தெரியாதவங்களா இருக்கணும். அதுதான் முக்கியம்."

தெரியாதவர்களைத் தெரிந்துகொள்ளாமல் வேலை வாங்குவது எளிதாக இல்லை. மருந்துக்கடைக்காரர் நேரமில்லை என்றார். தபால் நிலையத்துப் பெண், முகங்களைப் பார்த்தால் தனக்குத் தூக்கம் வராது என்றாள். சாப்பாட்டுக் கடை முதலாளி, "மூஞ்சியப் பாத்து மார்க் போடறதா? என் பொண்டாட்டி தினமும் எனக்குப் போடறா, அவளைக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டாள். மனைவி வரவில்லை. விஷயம் தெரிந்த எதிர்வீட்டுக்காரி வழிமறித்துக் கேட்டாள்:

"உங்க வீட்டுக்காரர்தானே இதைப் பாத்துக்கிட்டிருந்தாரு?"

"அவர் அவங்க அக்காவோட ராசியாயிட்டாரு."

"அதுக்காகவா வேலைய விட்டுத் தூக்கினீங்க?"

கடைசியில் இருவர் அகப்பட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் பெட்டிக்கடை அளவுக்கு ஒரு கூண்டில் உட்கார்ந்து சாவி வெட்டுகிறவர் ஒருவர். நகரத்தின் இன்னொரு கோடியில், நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கிற பெண். இருவருக்கும் அவளை முன்பின் தெரியாது. எதற்கு இந்த ஆய்வு என்பதும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு சொல்வதாக ஒப்புக்கொண்டாள். மேடம் மாற்றத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

இந்தத் தடவை அவள் எதிரில் உட்காரவில்லை. மடிக்கணினியை வைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தன் முகம் அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

"அஞ்சு. சரியா?" என்றார் சாவிக்காரர், திரும்பாமல்.

பின்னால் அவள் ஐந்து என்று குறித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஒரு 'உம்' கொட்டினா குறைஞ்சா போயிடுவ?"

"குறைஞ்சு போகும் ஐயா. அடுத்ததைப் பாருங்க."

"இரும்பு விக்கறவன்கூட ஒரு வார்த்தை பேசுவான்" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்ததைப் பார்த்தார். வாடிக்கையாளர் வந்தால் துண்டை நிறுத்திவிட்டுச் சாவி வெட்டுவார். இயந்திரத்தின் கிரீச்சில் அவளுக்குப் பல் கூசும். திரும்ப வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பார்ப்பார். அவள் காத்திருந்தாள். மருத்துவமனை வேலைநேரத்தைச் சக ஊழியரோடு மாற்றிக்கொண்டு, மதியத்தில் கூண்டு, மாலையில் குளம் என்று அலைந்தாள்.

குளத்துப் பெண் தாராளமாக இல்லை. "இதெல்லாம் ஒரு வலியா? குளிர்ந்த தண்ணியில கால வெக்கும்போது எல்லாரும் மூஞ்சிய இப்படித்தான் வெப்பாங்க" என்று இரண்டு போட்டாள். அந்தத் துண்டில் இருந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். அவர் குதிகாலைத் தாங்கியிருந்தது பின்னால் உட்கார்ந்திருந்த அவள்தான். அன்று அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பியில் வியர்வை இறங்கியதை அவள் பார்த்திருந்தாள். 'இரண்டா?' என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிற அம்மாவுக்கு அந்தப் பெண் ஒன்று போட்டாள். "ஜாலியா இருக்காங்க" என்றாள். சாவிக்காரரும் அதற்கு இரண்டுதான் போட்டிருந்தார்.

எல்லாத் துண்டும் முடியும்வரை அவள் எதையும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. முடிந்த பிறகு கல்லூரிக் கணினியில் ஏற்றினாள். கணக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"பாயிண்ட் ஆறு நாலு" என்றான். "பாஸாயிடுவாங்க, அவ்வளவுதான்."

"மனுஷங்க மாதிரி இருக்கு."

"அடுத்ததைப் பாக்கலாமா?"

அடுத்தது அவளுடைய கேள்வி. முகத்தைப் பார்த்தவர்கள் போட்ட எண், நோயாளி சொன்ன எண்ணைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது அவள் ஊகம். வாய் குறைத்துச் சொல்லும், முகம் காட்டிக்கொடுக்கும். கணவனும் நாத்தனாரும் சேர்ந்து போட்டதில் அப்படித்தான் வந்திருந்தது. இப்போது தலைகீழாக வந்தது. நோயாளி ஐந்து என்ற இடத்தில் பார்த்தவர்கள் மூன்று என்றார்கள். ஒன்றிரண்டு பேருக்கு இல்லை, பெரும்பாலும் எல்லோருக்கும்.

கணக்கு திரையை இரண்டு தரம் மேலும் கீழும் ஓட்டினான். "அக்கா, பழைய எண் இன்னும் இருக்கா உங்ககிட்ட?" என்றான் மெதுவாக.

"இருக்கு. பின்னிணைப்புல ஏன் செல்லாதுன்னு எழுதப் போறேன்."

"நான் சும்மா கேட்டேன்."

"தெரியும். நகரு, அட்டவணை போடணும்."

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். மசி போக எப்போதும் நேரமாகும்.

"அப்ப இத்தனை வருஷமா உனக்குத் தெரியும்னு நீ நினைச்சதெல்லாம்?"

"வெறும் முகத்தை வெச்சுத் தெரியாது. அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்."

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"எனக்குத் தெரியுமான்னு எனக்கு இன்னும் தெரியல. நான் கால் பிடிச்சிருப்பேன், மூச்சு கேட்டிருக்கும். அதுவா இருக்கலாம். இல்ல, வெறும் நினைப்பா இருக்கலாம். தனியாப் பாக்கணும்."

"இன்னொண்ணா?" அவன் துண்டைத் தேடினான். "இதுக்கு நாங்க வேணாம், முன்னாடியே சொல்லிட்டேன்."

"நீங்க வரேன்னாலும் எடுக்க மாட்டேன்."

ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் அவள் எழுதினாள்: முதல் இரு மதிப்பீட்டாளர்களும் ஆய்வாளரின் உறவினர்கள். ஆய்வின் இடையில் அவர்களுக்குள் தொடர்பு ஏற்பட்டதாலும், ஆய்வாளர் தன் எதிர்பார்ப்பை அவர்கள் அறியும்படி நடந்துகொண்டதாலும், அவர்களது மதிப்பீடுகள் முழுமையாக நீக்கப்பட்டன. 'ஆய்வாளர்' என்ற சொல்லை எழுதாமல் விட்டால் வாக்கியம் இன்னும் நன்றாக ஓடும். இருந்தாலும் எழுதினாள். நாத்தனார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "எட்டு வருஷத்தை 'தொடர்பு ஏற்பட்டது'ன்னு முடிச்சிட்டியே" என்றாள். "உறவினர்னு மட்டும் போட்டிருக்க. அக்கா தம்பின்னு போடு." அவள் அக்கா, தம்பி என்று திருத்தினாள்.

கடைசி நாளுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, கட்டிய பிரதிகளைக் கொடுத்தாள். அலுவலக எழுத்தர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தினார். மேடம் நடைபாதையில் எதிரில் வந்தார். "ஊகம் பலிக்கலைன்னு வருத்தமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருக்கு மேடம்."

"தேர்வாளர்கள் கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

மறுநாள் சனிக்கிழமை. அவளுக்குக் காலை முறை. பிரிவில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவருக்கு இடது முழங்கால், ஒருவருக்கு இரண்டும். இரண்டும் உள்ளவருக்குப் பயிற்சி கட்டில் உயரமாக இருந்ததால் கீழே இறக்கினாள். சிகிச்சையாளர் வலியைக் கேட்டார், அவர் நான்கு என்றார், நான்கு என்று எழுதினார்கள். மதியம் போர்வைகள் சலவையிலிருந்து வந்தன; எண்ணிக்கை சரியாக இருந்தது. வேலை முடிந்து நீச்சல் குளத்துக்குப் போய், ஆய்வு எதைப் பற்றியது என்று டிக்கெட் கிழிக்கிற பெண்ணுக்குச் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுவிட்டு, வரிசை நீண்டதால் டிக்கெட் கிழிக்கப் போனாள். சாவிக்காரர் கூண்டைப் பூட்டியிருந்தார். திங்கட்கிழமை வரலாம் என்று வீடு திரும்பினாள். கணவன் அக்கா வீட்டில் இருந்தான். அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.